மாதம் ஐந்தரை மூட்டை: பழைய எகிப்தில் யார் அளந்தார், யார் வாங்கினார்?

#1 ஓட்டுச்சில்

பிரமிடு பற்றிய இழையில் ஒருவர் "ராஜாவும் பூசாரியும் தின்றார்கள், மற்றவன் சாட்டையடி தின்றான்" என்கிறார். இன்னொருவர் "எல்லாருக்கும் ரொட்டியும் பீரும் அளந்து கொடுத்த பொற்காலம்" என்கிறார். இரண்டு பேரும் ஒரு படி தானியத்தைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை. இங்கே எழுதுபவர்கள் எந்தக் காலம், எந்த ஊர், எவ்வளவு என்று சொல்லிவிட்டு எழுதவும். மூவாயிரம் ஆண்டை ஒரே பானையில் போட்டுக் கிண்ட வேண்டாம்.

தேர் எல்-மதீனாவில் தொடங்குகிறேன். தீப்ஸ் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மலை இடுக்கில் இருந்த ஊர். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்து, பூசி, ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். ராம்செஸ் காலத்தில் (கி.மு. 13, 12ஆம் நூற்றாண்டுகள்) மதிலுக்குள் 68 வீடுகள் அளவுக்கு இருந்தன. வேலைக்குழுவில் பொதுவாக 40 முதல் 60 பேர். ராம்செஸ் IV ஒரு கட்டத்தில் அதை 120 ஆக்கினார். கப்பல் மாலுமிகள் மாதிரி "வலப்பக்கம்", "இடப்பக்கம்" என்று குழுவைப் பிரித்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு மேஸ்திரி.

சாதாரணத் தொழிலாளியின் மாதக் கூலி: எம்மர் கோதுமை 4 மூட்டை, பார்லி 1½ மூட்டை. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பெரும்பாலும் பீருக்கு. கேள்வி இதுதான்: ஐந்தரை மூட்டை நிறைவா, குறைவா?

#2 தானியக்கணக்கு

முதலில் மூட்டை என்றால் எவ்வளவு என்று தெளிவாக்கிவிடலாம். அவர்கள் சொல் "கர்", பொருளே மூட்டைதான். புதிய அரச காலத்தில் (கி.மு. 1550–1070 வாக்கில்) 1 மூட்டை ஏறக்குறைய 76.9 லிட்டர். அதில் 4 ஓய்ப்பெ, ஒவ்வொரு ஓய்ப்பெயிலும் 40 ஹின். ஒரு ஹின் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆக ஐந்தரை மூட்டை சுமார் 423 லிட்டர், நாளைக்கு 14 லிட்டர்.

மேஸ்திரிக்கு 5½ + 2, மொத்தம் 7½ மூட்டை. அவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் இடைவெளி இரண்டே மூட்டைதான். ஏணி கீழ்ப்படியில்தான் சரிகிறது: வாயில் காத்தவர்கள், இன்னும் முழு வேலைக்கு வராத இளைஞர்கள் எல்லாம் 2 மூட்டை வாக்கில்தான் வாங்கினார்கள்.

இப்போது நிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராம்செஸ் V காலத்து நில அளவைப் பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது (வில்பர் பாப்பிரஸ்). அதில் சாதாரண விளைநிலத்துக்கு அரூராவுக்கு 5 மூட்டை என்று மதிப்பிட்டார்கள். நல்ல நிலத்துக்கு 7½, புதுநிலத்துக்கு 10. ஒரு அரூரா 2,735 சதுர மீட்டர், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தொழிலாளியின் வருடக் கூலி 66 மூட்டை. அதை வயலில் எடுக்க 13 அரூரா வேண்டும், நம் கணக்கில் 9 ஏக்கர். அதே பாப்பிரஸில் சிறு நிலக்காரர்கள் வைத்திருந்த துண்டுகளில் 3, 5 அரூரா என்பவை சர்வ சாதாரணம்.

அதனால் "எகிப்தியச் சாமானியன்" என்று தேர் எல்-மதீனாக்காரனைக் காட்டும்போதெல்லாம் கவனமாக இருங்கள். அவன் சாமானியனே இல்லை, கை வேலை தெரிந்த அரசு ஊழியன்.

#3 பேரீச்சை

தானியக்கணக்கு சொன்னது சரி. ஆனால் லிட்டரை அப்படியே கலோரியாக மாற்றிவிடாதீர்கள். எம்மர் களத்தில் அடித்தாலும் உமி விடாத கோதுமை. கதிர் உடைந்து, உமி போர்த்திய சிறுசிறு துண்டுகளாகத்தான் விழும். அப்படியே சேமிப்பார்கள், பூச்சி ஏறாது. உமி நீக்கினால் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும்.

#4 நாணல்புதர்

கூலியை விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். காசு கிடையாது. விலை சொல்லச் செம்பு எடை இருந்தது: 1 தெபன் = 91 கிராம், அதில் பத்தில் ஒன்று கிதெ. பொருள் கை மாறும்போது யாரும் செம்பைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. இரு பக்கமும் பொருளைப் போட்டு, தெபனில் கூட்டி, தொகை சமமா என்று பார்த்தார்கள்.

ஒரு ஓட்டுச்சில்லில் (குறிப்பு எழுதப் பயன்பட்ட உடைந்த பானைத்துண்டு அல்லது கல் செதில்) மாட்டு விற்பனைக் கணக்கு ஒன்று உண்டு. காளை 120 தெபன். வாங்கியவன் தந்தது: கொழுப்பு 2 பானை, 60 தெபன். மெல்லிய துணி அங்கி 5, 25 தெபன். இன்னும் உயர்ந்த துணியில் உடை 1, 20 தெபன். தோல் 1, 15 தெபன். கூட்டுங்கள், 120 சரியாக வரும். அங்கி ஒன்றுக்கு 5 தெபன் என்பது ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமான விலை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

சாதாரண நாளில் ஒரு மூட்டை தானியம் 2 தெபன் வாக்கில் நின்றது. அப்படியானால் மாதச் சம்பளம் 11 தெபன். ஒரு சோடி செருப்பு 1 முதல் 2, கழுதை 25 முதல் 40, சவப்பெட்டி 20 முதல் 40. கழுதை வாங்க மூன்று மாதச் சம்பளமாவது வேண்டும், அதுவும் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால்.

பிறகு எப்படி வாங்கினார்கள்? பக்க வேலை. அரசன் கல்லறையில் கோடு போட்டவனே விடுமுறை நாளில் ஊர்க்காரனுக்குச் சவப்பெட்டி செய்து ஓவியம் தீட்டினான். தச்சு, ஓவியம், துணி நெய்தல் எல்லாமே கூலிக்கு மேல் வரும்படி. கழுதை வைத்திருந்தவன் அதைத் தண்ணீர் சுமப்பவனுக்கு வாடகைக்கு விட்டான். வாடகையில் இருக்கும்போது கழுதை செத்துப்போய், யார் ஈடு செய்வது என்று ஊர் மன்றத்துக்குப் போன வழக்குகள் ஏராளம்.

#5 மணற்புயல்

சமையல் பக்கம் யாராவது எழுதுங்கள். ரொட்டியில் மணல் போட்டு அரைத்தார்கள், அதனால் பல் தேய்ந்தது என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். உண்மையா?

#6 உரலும்_உலக்கையும்

பல் தேய்ந்தது உண்மை. அரசர்களின் மம்மிகளிலும் தேய்ந்திருக்கிறது, ஆகவே இதில் வர்க்கம் கிடையாது. ஆனால் அரைக்க வசதியாக இருக்கட்டும் என்று மணலை வேண்டுமென்றே போட்டார்கள் என்பதைத் தூக்கி எறியுங்கள். அமர்னாவில் (அரசர் அகெனாதன் கட்டிய தலைநகர்) பழைய கருவிகளின் மாதிரியில் எம்மரைக் குத்தி அரைத்துப் பார்த்தாகிவிட்டது. மணல் இல்லாமலே நைசாக அரைபடுகிறது. பாலைவனக் காற்று, களத்து மண், தேயும் கல், இவை போதும் பல்லைத் தின்ன.

முறை இப்படி. உமியோடு இருக்கும் எம்மரில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். தரையில் பதித்த சுண்ணாம்புக்கல் உரலில் போட்டு மர உலக்கையால் குத்த வேண்டும். ஈரம் பட்டால் உமி நெகிழ்ந்து உரியும், உள்ளே இருக்கும் மணி உடையாது. காய்ந்தபடியே குத்தினால் மணி நொறுங்கி உமியோடு கலந்துவிடும், புடைக்கவும் முடியாது. தண்ணீர் கூடினால் உரலில் களிதான் மிஞ்சும். குத்தியதை வெயிலில் பரப்பி உலர்த்தி, புடைத்து, சலித்து, மிச்ச உமியைக் கையால் பொறுக்கிய பிறகுதான் அரைக்கும் கல்லுக்குப் போகும்.

அந்தக் கல் சுற்றும் திரிகை இல்லை. அம்மி மாதிரி முன்னும் பின்னும் தள்ளி அரைக்கும் சாய்ந்த கல். பழைய அரச காலச் (கி.மு. 2700–2200 வாக்கில்) சிலைகளில் பெண்கள் தரையில் மண்டியிட்டு அரைக்கிறார்கள். புதிய அரச காலத்தில் அமர்னாவிலும் தேர் எல்-மதீனாவிலும் கல்லைச் செங்கல் திண்டில் உயர்த்திப் பதித்தார்கள். முன்னால் மாவு விழ ஒரு குழி, பின்னால் அரைப்பவர் நிற்க இடம். முழங்காலுக்கும் முதுகுக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அரைத்தவர்களுக்குத் தெரியும். சல்லடையை விட, எத்தனை தடவை தள்ளினார்கள் என்பதுதான் மாவின் நயத்தைத் தீர்மானித்தது.

சுடுவதிலும் காலம் மாறியது. பிரமிடுகள் இருக்கும் கீஸாவில் 1991-இல் தோண்டிய ரொட்டிக் கூடங்களில் கிடைத்தது தடித்த மணி வடிவ மண் அச்சுகள். அச்சைச் சூடாக்கி, மாவை ஊற்றி, இன்னொரு சூடான அச்சைக் கவிழ்த்து மூடி, தணலுக்குள் குழியில் நிறுத்துவார்கள். குழிகள் வரிசையாக, முட்டை அடுக்கும் அட்டை மாதிரி. மொத்தச் சமையலுக்கு ஏற்ற ஏற்பாடு. புதிய அரச காலத்து வீட்டில் இருந்ததோ உருளை வடிவ மண் அடுப்பு, தந்தூர்தான். உள்சுவரில் ரொட்டியை அறைந்து ஒட்டுவார்கள். சுவர் போதிய சூடு ஏறாமல் ஒட்டினால் ரொட்டி நழுவித் தணலில் விழும்.

பீருக்கு வருகிறேன். "அரைவேக்காட்டு ரொட்டியைத் தண்ணீரில் பிய்த்துப் போட்டுப் புளிக்க வைத்தார்கள்" என்பது பழைய விளக்கம். 1990களில் பானைகளில் ஒட்டிக் காய்ந்திருந்த மிச்சத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மாவுச்சத்துத் துகள்களில் சில முளைகட்டிய தானியத்துக்கே உரிய குழிகளோடு இருந்தன, சில வெந்து குழைந்திருந்தன. இரண்டும் ஒரே பானையில். அதிலிருந்து வந்த விளக்கம்: தானியத்தை முளைகட்டி இரண்டு பங்காக்கு. ஒரு பங்கைக் கொரகொரப்பாக அரைத்துப் பச்சைத் தண்ணீரில் கரை. மறு பங்கை (முளைகட்டாததும் ஆகும்) வேக வை. இரண்டையும் கலந்து, சல்லடையில் கைவிட்டு அலசிச் சக்கையை எடுத்து, சாற்றைப் புளிக்க விடு.

இரண்டு பங்கு எதற்கு? மாவைச் சர்க்கரையாக்கும் நொதி முளையில் இருக்கிறது, கொதிக்க வைத்தால் செத்துவிடும். ஆனால் வேகாத மாவில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆக நொதி ஒரு பங்கில், வெந்த மாவு மறு பங்கில். கலக்கும்போது சூடு கூடினால் சர்க்கரையே ஆகாது, பானையில் கஞ்சி மட்டும். புளித்த பிறகும் ரொம்ப நாள் தாங்காது, காடியாகிவிடும். அதனால்தான் அடிக்கடி, சிறிது சிறிதாகக் காய்ச்சினார்கள்.

#7 தானியக்கணக்கு

இதோடு ஒட்டிய ஒரு கணக்கு. "பத்து ரொட்டி" என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய ரொட்டி என்று கேட்க வேண்டும். அதற்கு அவர்களிடம் "பெஃப்சு" என்ற எண் இருந்தது: ஒரு ஹெகத் (4.8 லிட்டர்) தானியத்தில் எத்தனை ரொட்டி, அல்லது எத்தனை குடம் பீர். எண் ஏற ஏற ரொட்டி சிறுக்கும், பீர் நீர்க்கும். ரிண்ட் கணிதப் பாப்பிரஸில் இதற்கென்றே கணக்குகள் உண்டு. பெஃப்சு 10 உள்ள 100 ரொட்டிக்குப் பெஃப்சு 45 உள்ள ரொட்டி எத்தனை? 450. அதே 100 ரொட்டிக்குப் பெஃப்சு 2 உள்ள பீர் எத்தனை குடம்? 100 ரொட்டியில் 10 ஹெகத் தானியம், ஆகவே 20 குடம்.

எழுத்தன் (கணக்கும் பதிவும் எழுதும் ஊழியன்) பயிற்சியில் இந்தக் கணக்கு ஏன் இருந்தது? ரொட்டியைச் சிறிதாக்கி எண்ணிக்கையைச் சரிகட்டும் கிடங்குக்காரனைப் பிடிக்க வேறு வழியில்லை.

#8 மணற்புயல்

அரசாங்கம் அளந்து கொடுத்தது தானியம் மட்டும்தானா? தண்ணீர்? மலை இடுக்கில் கிணறு இருந்ததா?

#9 ஓட்டுச்சில்

கிணறு இல்லை. ஊருக்கு வடக்கே 50 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு ஒரு பெருங்குழி தோண்டியிருக்கிறார்கள், தண்ணீர் ஊறவில்லை. பிறகு அது குப்பைக்குழி ஆனது. நமக்கு அதிர்ஷ்டம், ஆயிரக்கணக்கான எழுத்துச் சில்லுகள் அங்கேதான் கிடைத்தன.

தண்ணீரைப் பள்ளத்தாக்கிலிருந்து கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவர ஆட்கள். ஊருக்குச் சேவை செய்ய மதிலுக்கு வெளியே ஒரு தனிக்கூட்டமே இருந்தது: தண்ணீர் சுமப்பவர், விறகு வெட்டுபவர், மீன் பிடிப்பவர், காய்கறி விளைவிப்பவர், குயவர், பூச்சுக்கு ஜிப்சம் சுடுபவர், வண்ணார். விறகும் மீனும் குறிப்பிட்ட அளவு வந்தே ஆக வேண்டும். குறைந்தால் எழுத்தன் "பாக்கி" என்று குறித்து வைப்பான். பாக்கி சேர்ந்துகொண்டே போகும், அடைபடாது. அந்த வரிகளைப் படித்தால், கடைசிப்படியில் நிற்கும் மனிதன் விறகு வெட்டுபவன்தான் என்று புரிந்துவிடும். கல்லறை குடைபவனைச் சுமந்தவன் அவன்.

வண்ணார் விஷயம் எனக்குப் பிடித்தது. இன்னார் வீடுகளுக்கு இன்ன வண்ணான் என்று பங்கு பிரித்திருந்தார்கள். சில சில்லுகளில் துணிகளின் படத்தையே வரைந்து பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறார்கள்: அங்கி இத்தனை, இடுப்புத்துணி இத்தனை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் எண்ணிச் சரிபார்க்கலாம்.

#10 நாணல்புதர்

வீட்டைப் பற்றி. சராசரி 70 சதுர மீட்டர், அதாவது சுமார் 750 சதுர அடி. பக்கத்து வீட்டோடு சுவர் பொது. தெருவிலிருந்து நேரே நுழையும் அறையில் பல வீடுகளில் செங்கல் மேடை ஒன்று கட்டில் போல. அடுத்தது கூரை உயர்ந்த நடுக்கூடம், ஒரு தூண், சுவரோரம் திண்ணை, மேலே சிறு சாளரம். பிறகு ஒன்றிரண்டு சிற்றறைகள். கடைசியில் சமையற்கட்டு: அடுப்பு, உரல், அரைகல், நிலவறை, மாடிக்குப் படி. சமையற்கட்டுக்குக் கூரையாகப் பாயோ கீற்றோதான், புகை போக வேண்டுமே.

இதைப் பெரிய வீட்டோடு வைத்துப் பாருங்கள். மத்திய அரச காலத்து (கி.மு. 2050–1650 வாக்கில்) லாகூன் என்ற ஊரில் ஒரே மதிலுக்குள் பெரிய மாளிகை 60 மீட்டருக்கு 42 மீட்டர், அதாவது 27,000 சதுர அடி. அதே ஊரின் சின்ன வீடுகள் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட வராது. மாளிகை ஒவ்வொன்றிலும் தானியக் குதிர்கள், வீட்டார் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு. அந்த ஊரின் மற்ற ஆயிரக்கணக்கானோரின் தானியப் பங்கு அங்கிருந்துதான் அளக்கப்பட்டது என்று தொல்லியலார் கணிக்கிறார்கள். மாளிகையும் குடிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், சாவி ஒருவன் இடுப்பில்.

அமர்னா பங்களாக்களில் குளியலறையும் கழிப்பறையும் உண்டு. குளிக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கல் பலகை, சுவரின் கீழ்ப்பகுதிக்கும் கல். காரணம் எளிது: வீடு முழுக்க வெயிலில் காய்ந்த செங்கல், தண்ணீர் தெறித்தால் கரையும். கழிப்பறையில் துளையிட்ட சுண்ணாம்புக்கல் இருக்கை, கீழே மணல் நிரப்பிய தொட்டி. மணலை மாற்ற வேலைக்காரன். மற்றவர்களுக்கு வெளிதான். நடுவில் ஒரு தரம் உண்டு: தேர் எல்-மதீனா மேஸ்திரி கா என்பவரின் கல்லறையில் (1906-இல் திறந்தது, பொருள்கள் இப்போது தூரின் அருங்காட்சியகத்தில்) துளை போட்ட மர முக்காலி இருக்கிறது.

#11 பேரீச்சை

கா பற்றிச் சொன்னதால் துணி. அவர் கல்லறையில் முக்கோண இடுப்புத்துணி சுமார் 50, குளிர்காலக் கனத்த அங்கி 17. துதன்காமனிடம் இடுப்புத்துணி சுமார் 145. வெட்டு அதே முக்கோணம்தான், நூல்தான் வேறு.

நூலின் வேறுபாடு வயலிலேயே தொடங்கும். ஆளிச்செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்குவார்கள். பச்சையாக இளசில் பிடுங்கினால் மெல்லிய நூல், மஞ்சளாகும் பருவத்தில் உறுதியான துணி, விதை முற்றிய பிறகு கயிறும் பாயும். மெல்லிய துணி உடுத்தியவன் விதை விளைச்சலை இழக்கும் வசதி உள்ளவன் என்று பொருள்.

#12 மணற்புயல்

வேலை நேரம்? ஞாயிற்றுக்கிழமை கிடையாதே.

#13 ஓட்டுச்சில்

பத்து நாள் வாரம். எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மேலே திருவிழாக்கள். வேலை நாட்களில் பள்ளத்தாக்குக்கு மேலே கணவாயில் கல் குடிசைகளில் தங்கிக்கொள்வார்கள். கல்லறைக்குள் வெளிச்சத்துக்குப் பழந்துணியை முறுக்கிக் கொழுப்புத் தடவிய திரி. எத்தனை திரி கொடுத்தது, எத்தனை தீர்ந்தது என்று தினமும் கணக்கு. உளியும் அப்படித்தான், எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குவார்கள். செம்புதான் விலை அளவு என்றால், மழுங்கிய உளியும் பணமாயிற்றே.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ராம்செஸ் II-இன் 40ஆம் ஆண்டு வருகைப் பதிவு இருக்கிறது. நாற்பது பேர் பெயர், வராத நாள், சிவப்பு மையில் காரணம். உடம்பு சரியில்லை, கண் நோவு, தேள் கொட்டியது, பீர் காய்ச்சினான், தாயின் உடலுக்குத் துணி சுற்றினான், மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு. மேலதிகாரியின் சொந்த வேலைக்குப் போனதும் "காரணம்" பட்டியலில் உண்டு. அது அந்தக் காலத்திலேயே இருந்த வியாதி.

#14 ஆளிச்செடி

எல்லாரும் தேர் எல்-மதீனாவைச் சுற்றியே வருகிறீர்கள். அங்கே படித்தவர்கள் அதிகம், எழுதி வைத்தார்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. எழுதாதவன் எங்கே?

கி.மு. 20ஆம் நூற்றாண்டு வாக்கில் ஹெகனக்த் என்ற பூசாரி-விவசாயி ஊரை விட்டுப் போயிருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1920களின் தொடக்கத்தில் தேர் எல்-பஹ்ரியில் கிடைத்தன. வெள்ளம் பொய்த்த காலம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஹெகத் என்று பட்டியல் போடுகிறார். தாய்க்கும் அவள் பணிப்பெண்ணுக்கும் சேர்த்து 8, வயலைப் பார்க்கும் ஆளுக்கும் அவன் குடும்பத்துக்கும் 8, சிலருக்கு 4. (இதை 5½ மூட்டையோடு நேரே ஒப்பிடாதீர்கள், மூட்டையின் அளவு காலத்துக்குக் காலம் மாறியது.) முணுமுணுப்பவர்களுக்குப் பதிலாக, இங்கே மனிதரைத் தின்னத் தொடங்கிவிட்டார்கள், அடியோடு சாவதற்குப் பாதி உயிர் மேல் என்கிறார். முதல் வரி மிகைதான். ஆனால் படியைக் குறைக்கிற வீட்டுத் தலைவனின் தொனி அப்படியே கேட்கிறது. அவரே வசதியானவர், அவர் வீட்டிலேயே இந்தக் கதி.

இன்னும் கீழே போனால் கட்டாய வேலை. மத்திய அரச காலக் கடைசியைச் சேர்ந்த ஒரு சிறைப் பதிவில் (இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில்) வேலையிலிருந்து ஓடிப்போனவர்களின் பெயர்கள் உள்ளன. ஆள் கிடைக்காவிட்டால் குடும்பத்தைப் பிடித்து வைத்தார்கள், அவன் வந்ததும் விட்டார்கள்.

எலும்பும் பேசும். அமர்னாவில் அகெனாதனின் கோயிலில் நூற்றுக்கணக்கான படையல் மேடைகள். அதே ஊரின் தெற்குக் கல்லறைத்தோட்டத்து எலும்புகளில் வளர்ச்சிக் குறைவு, சிறு வயதுச் சத்துக்குறை, பாரம் சுமந்து நொந்த முதுகெலும்பு. வடக்குக் கல்லறைத்தோட்டத்தில் புதைந்தவர்களில் பெரும்பாலோர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுக்குச் சவப்பெட்டி 20 தெபனா 40 தெபனா என்ற கேள்வியே எழவில்லை, பாயில் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள்.

#15 தானியக்கணக்கு

ஆளிச்செடி சொல்வதை ஏற்கிறேன். #2-இல் நான் சொன்னதும் அதே பக்கம்தான். ஆனால் வசதியானவன் என்றாலும் அளக்கும் கை வேறொருவனுடையது என்பதை மறக்க வேண்டாம். கூலி மாதம் 28ஆம் நாள் வர வேண்டும். ராம்செஸ் III-இன் 29ஆம் ஆண்டு (கி.மு. 1157 வாக்கில்) வரவில்லை. குளிர்ப்பருவம் இரண்டாம் மாதம் 10ஆம் நாள், "பசிக்கிறது" என்று வேலையைப் போட்டுவிட்டுக் காவல் அரண்களைத் தாண்டி வந்து, மூன்றாம் துத்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் ராம்செஸ் II-இன் நினைவுக் கோயிலுக்கே போனார்கள். ஏன் கோயில்? தானியக் குதிர்கள் அங்கேதான் இருந்தன. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கு எழுது என்றார்கள். பாக்கி மாதக் கூலி கிடைத்தது, பிறகு மறுபடி தாமதம், மறுபடி உட்கார்ந்தார்கள்.

பெரும்பாலும் எழுத்தன் அமென்னக்தின் கையால் எழுதிய பதிவு இது, இப்போது தூரினில். அதில் "குதிர்களிலேயே ஒன்றும் இல்லை" என்று விசியர் (அரசரின் முதலமைச்சர்) தோ சொல்லி அனுப்பிய பதிலும் இருக்கிறது.

#16 உரலும்_உலக்கையும்

பெண்களைப் பற்றி ஒரு பதிவு. மாவரைத்தது மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ராம்செஸ் V-இன் 3ஆம் ஆண்டில் நௌனக்தே என்ற மூதாட்டி ஊர் மன்றத்தின் முன் உயில் சொன்னார். எட்டுப் பிள்ளைகள். வளர்த்தேன், வீடு கட்டிக்கொள்ள எல்லாம் தந்தேன், வயதான பின் சிலர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்குத் தருவேன், பார்க்காதவர்களுக்குத் தர மாட்டேன் என்றார். ஒரு மகனுக்கு மட்டும் தனியாக ஒரு வெண்கலக் கழுவுபாத்திரம். உலோகம் என்றால் அது சேமிப்பு, எந்த நாளும் தெபனாக மாறும். தகப்பன் பங்கை அவரால் தடுக்க முடியாது, தன் பங்கை மட்டுமே. மனைவிக்குத் தாம்பத்தியச் சொத்தில் மூன்றில் ஒன்று என்பது வழக்கம்.

இதே உரிமையின் மறுபக்கம்: ராம்செஸ் II-இன் 15ஆம் ஆண்டில் எரெனொஃப்ரே என்ற பெண் ஒரு சிரியச் சிறுமியை விலைக்கு வாங்கினார். 4 தெபன் 1 கிதெ வெள்ளி. அன்று வெள்ளி செம்பைப் போல் நூறு மடங்கு. ஆக 410 செம்புத் தெபன், தொழிலாளியின் மூன்று வருடக் கூலி. கொடுத்தது துணிகளும் வெண்கலப் பாத்திரங்களும் தேனும். சிலவற்றை அக்கம்பக்கத்தில் வாங்கிச் சேர்த்ததாகவும் வழக்கில் சொல்லப்படுகிறது.

#17 மணற்புயல்

கடைசியாக ஒன்று. தொழிலாளி அதிகாரி மேல் வழக்குப் போட முடியுமா?

#18 நாணல்புதர்

போடலாம். மென்னா என்ற தொழிலாளி, காவல் தலைவன் மெந்த்மோஸுக்கு ஒரு பானை புதுக் கொழுப்பு விற்றான். #4-இல் பார்த்த விலையில் பானை 30 தெபன், கிட்டத்தட்ட மூன்று மாதக் கூலி. "பார்லியாகத் தருகிறேன்" என்றான் மெந்த்மோஸ். தரவில்லை. மென்னா மன்றத்தில் மூன்று முறை முறையிட்டான். ராம்செஸ் III செத்து, ராம்செஸ் IV பட்டத்துக்கு வந்து மூன்றாம் ஆண்டிலும் அந்தப் பார்லி வரவில்லை என்று மென்னா மறுபடி வந்து நிற்கிறான். அவன் முறையீட்டைக் கேட்ட எழுத்தன் பெயரும் அமென்னக்த்.